மூடிய வால்வுக்குப் பின்னால் காத்திருக்கும் காற்று

பஸ் பிரேக்கிலிருந்து கார் தொழிற்சாலை வரை உழைப்பது அழுத்தப்பட்ட காற்று. அதற்குக் கடிவாளம் போடும் வால்வைச் சரியாகப் பொருத்துவது எப்படி? பிச்சாட்டூர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு சிறப்புப் பார்வை.

திருப்பதியிலிருந்து புத்தூர், நாராயணவனம் தாண்டி வரும் சென்னைப் பஸ் பிச்சாட்டூரில் நின்று கிளம்பும்போது 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு விடும். பத்து டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியை நிறுத்திப் பிடித்திருந்த காற்று, வேலை முடிந்து வெளியேறும் சத்தம் அது. அதே பஸ் நாகலாபுரம், ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் கடந்து செங்குன்றத்தை நெருங்கினால், சாலையோரம் அரிசி ஆலைகள் வரிசை கட்டும். அங்கே கலர் சார்ட்டர் எந்திரத்தில் கறுத்த அரிசியை நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குள் ஊதித் தள்ளுவதும் காற்றுதான்.

2022 ஏப்ரலில் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து புதிய திருப்பதி மாவட்டத்துக்குள் வந்தது பிச்சாட்டூர். பார்த்தால் ஏரியும் வயலுமாக இருக்கும் ஊர். ஆனால் அது இருக்கும் சத்தியவேடு சட்டமன்றத் தொகுதிக்குள்தான் ஸ்ரீசிட்டி தொழில் நகரமும் இருக்கிறது. இசுசு நிறுவனம் 2016 முதல் அங்கே வண்டிகள் செய்கிறது. சென்னை மெட்ரோவின் முதல் கட்ட ரயில்களில் பெரும்பாலானவை அங்குள்ள ஆல்ஸ்டாம் ஆலையில் உருவானவை. மேற்கே நகரி, புத்தூர் பக்கம் விசைத்தறிகள். பழைய நாடாத் தறிக்குக் காற்றின் தயவு வேண்டாம். அதை ஏர்ஜெட் தறியாக மாற்றும் நாளில், ஊடை நூலை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு எடுத்துப் போவதே காற்று என்றாகிவிடும்.

இத்தனை இடத்திலும் காற்றை விடவும் நிறுத்தவும் திருப்பவும் இருப்பவை வால்வுகள். கைக்குள் அடங்கும் பொருள், இரண்டு ஸ்பானர் போதும், பத்து நிமிட வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். விபத்தும் அந்த நினைப்பிலிருந்துதான் தொடங்குகிறது.

ஏழு கிலோ என்றால் எவ்வளவு?

பட்டறைகளில் 'ஏழு கிலோ காத்து' என்பார்கள். பஞ்சர் கடையில் அதையே 'நூறு பவுண்டு' என்பார்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றே: ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மீதும் ஏழு கிலோ எடை அழுத்துகிறது. கேட்கச் சின்னதாகத் தெரியும். 100 மி.மீ. விட்டமுள்ள ஒரு சிலிண்டருக்குள் அந்தக் காற்று போனால், அதன் பிஸ்டன் அரை டன்னுக்கும் கூடுதலான விசையோடு தள்ளும். நடுவில் இருக்கும் விரல் தாங்காது.

ஆயிரம் லிட்டர் டேங்கில் ஏழு கிலோ அழுத்தத்தில் நிற்கும் காற்றில், ஒரு டன் எடையுள்ள காரை 80 மீட்டர் உயரத்துக்குத் தூக்கப் போதுமான ஆற்றல் அடங்கியிருக்கிறது. தண்ணீரை அமுக்கினால் அது பெரிதாகச் சுருங்காது. டேங்க் விரிசல் விட்டாலும் கொஞ்சம் பீய்ச்சிவிட்டு அடங்கிவிடும். காற்று சுருங்கி உட்காரும், வழி கிடைத்த நொடியில் முழு வேகத்தில் விரியும். டேங்கின் வலுவைச் சோதிக்கும்போது காற்றுக்குப் பதிலாகத் தண்ணீரை நிரப்பி அழுத்துவது இதனால்தான்.

கம்ப்ரசரை நிறுத்திவிட்டால் ஆபத்து நீங்கியது என்று நம்புவதும் தவறு. மின்சாரத்துக்கு சுவிட்சை அணைத்தால் பெரும்பாலும் கதை முடிந்தது. காற்று, சுவிட்சை அணைத்த பிறகும் டேங்கில் இருக்கும், குழாயில் இருக்கும், சிலிண்டரின் இரு பக்கமும் இருக்கும். ஆகவே எந்த வால்வைப் பொருத்தும்போதும் கேட்டுக்கொள்ள ஒரு கேள்வி உண்டு: இதை மூடினால், உள்ளே மாட்டிக்கொண்ட காற்று எங்கே போகும்? இதற்குப் பதில் சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

'பத்து கிலோ பைப்' என்னும் மாயை

விவசாய ஊர்களில் எல்லார் கைக்கும் பழகியது பி.வி.சி. பைப். போர்வெல் போட்ட வீட்டில் மிச்சத் துண்டுகள் கிடக்கும். அதன் மேல் '10 கிலோ' என்று அச்சிட்டிருக்கும். கம்ப்ரசர் எட்டு கிலோவில் நிற்கிறது, பைப் பத்து கிலோ தாங்கும், அப்புறம் என்ன? இப்படிக் கணக்குப் போட்டுக் காற்று லைன் இழுத்த சின்னப் பட்டறைகள் உண்டு.

அந்தப் பத்து கிலோ, தண்ணீருக்கான கணக்கு. குடிநீர் பி.வி.சி. பைப்புக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 4985, அந்த அழுத்தத்தை 27 டிகிரி வெப்பநிலைக்குத்தான் சொல்கிறது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில், கம்ப்ரசரிலிருந்து சூடாக வரும் காற்றுக்கு அந்தக் கணக்கு செல்லாது. காற்றை அடைத்த பி.வி.சி. பைப் உடைந்தால் கீறல் விட்டு ஒழுகாது. கூரிய சில்லுகளாகச் சிதறிப் பறக்கும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறையான ஓஷா, தரைக்கு மேல் செல்லும் காற்று லைனுக்கு இந்த பைப்பைப் பயன்படுத்த வேண்டாம் என்று 1988லேயே எச்சரித்தது. நல்ல வால்வை வாங்கி இந்த பைப்பில் மாட்டினால், அந்த வால்வால் ஒரு பயனும் இல்லை. இரும்பு, அலுமினியம், செம்பு, அல்லது காற்றுக்கென்றே தயாரித்த குழாய் வேண்டும்.

காற்று லைனில் உள்ள ஃபில்டரின் அடியில் தொங்கும் கண்ணாடி போன்ற கிண்ணமும் இதே ரகம். அது பாலிகார்பனேட். பெயின்ட் தின்னர், சில செயற்கை எண்ணெய்கள் பட்டால் கண்ணுக்குத் தெரியாமல் வெடிப்பு விடும். சோப்புத் தண்ணீரில் மட்டுமே கழுவ வேண்டும். அதன் மேல் வரும் உலோகக் கூட்டைக் கழற்றிப் போடக் கூடாது.

மரையில் இருக்கும் வில்லங்கம்

நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் ஃபிட்டிங்குகளில் பெரும்பாலும் பி.எஸ்.பி. மரை. ஜப்பான் எந்திரங்களில் வரும் கூம்பு மரையும் அதோடு ஒத்துப்போகும். அமெரிக்க வழி எந்திரம் என்றால் என்.பி.டி. மரை. பி.எஸ்.பி.யில் பல்லின் கோணம் 55 டிகிரி, என்.பி.டி.யில் 60. கால் அங்குல அளவில் ஓர் அங்குலத்துக்கு முன்னதில் 19 மரை, பின்னதில் 18. ஒன்றுக்குள் ஒன்று ஓரிரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். ஃபிட்டர் 'நல்லா டைட் ஆயிடுச்சு' என்று நினைப்பார். அரை அங்குலம் இன்னும் மோசம். இரண்டிலும் 14 மரை என்பதால், வித்தியாசமே தெரியாமல் உள்ளே போய்விடும். அப்படி ஏறிய மரை பிடித்திருப்பது பற்களின் ஓரத்தில் மட்டும். அதிர்வு கூடிய ஒருநாள் கசியலாம். ஃபிட்டிங்கே தெறித்துப் போகவும் கூடும். இறக்குமதி எந்திரங்கள் கலந்து ஓடும் வட்டாரத்தில் ஒரு மரை கேஜ் வைத்திருப்பது ஃபிட்டரின் முதல் கடமை.

அடுத்தது டெஃப்லான் டேப். நுனியிலிருந்து ஒன்றிரண்டு மரையை வெறுமனே விட்டுவிட்டு, இறுகும் திசையிலேயே சுற்ற வேண்டும். நுனி வரை சுற்றினால், பிய்ந்த நார் காற்றோடு போய், மின்சாரத்தால் இயங்கும் சோலனாய்டு வால்வின் ஊசித் துளையில் உட்கார்ந்துகொள்ளும். எந்திரம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். காரணம் தெரியாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவார்கள். கோளாறு நாலு அங்குல டேப்பில் இருக்கும். புதிதாக மரை வெட்டிய குழாயில் இரும்புச் சீவலும் கிடக்கும். வால்வை மாட்டும் முன்பே லைனைத் திறந்து ஊதிச் சுத்தம் செய்துவிட வேண்டும், ஆள் இல்லாத பக்கம் பார்த்து.

இறுக்குவதிலும் அளவு உண்டு. ஸ்பானருக்குப் பின்னால் ஒரு பைப்பைச் செருகி நீட்டி இறுக்கினால் அலுமினிய உடல் பிளக்கும். வால்வில் ஸ்பானர் பிடிக்க என்றே அறுகோண முகம் இருக்கிறது, எந்தப் பக்கம் குழாயை ஏற்றுகிறோமோ அந்தப் பக்கத்து முகத்தைப் பிடிக்க வேண்டும். குழாயின் எடையை வால்வு சுமக்கக் கூடாது. இரு பக்கமும் கிளாம்ப் தேவை.

அம்புக்குறியும் எண்களும்

வால்வின் உடலில் வார்த்திருக்கும் அம்பு அலங்காரத்துக்கு இல்லை. நான்-ரிட்டர்ன் வால்வைத் திருப்பி மாட்டினால் காற்று போகவே போகாது. கம்ப்ரசருக்கும் டேங்குக்கும் நடுவே அப்படி நேர்ந்தால், அழுத்தம் முழுவதும் கம்ப்ரசர் தலையிலேயே ஏறும். ரெகுலேட்டரைத் திருப்பி மாட்டினால் அழுத்தம் கட்டுக்குள் நிற்காது.

சோலனாய்டு வால்வின் துளைகளுக்கு உலகம் முழுவதும் ஒரே எண் முறை இருக்கிறது: 1 காற்று உள்ளே வரும் வழி, 2, 4 சிலிண்டருக்குப் போகும் வழிகள், 3, 5 வெளியேறும் வழிகள். பழைய வால்வுகளில் இவை எழுத்துகளாக இருக்கும். வெளியேறும் துளைகளில் சத்தத்தை அடக்க சைலன்சர் போடலாம், அடைப்பு மட்டும் போடக் கூடாது. 'காத்து வீணாப் போகுதே' என்று அதற்கு பிளக் போட்டால் சிலிண்டர் நகராது. காயிலின் மின்னழுத்தத்தையும் படித்த பிறகே இணைப்புக் கொடுக்க வேண்டும். 24 வோல்ட் நேர்மின் காயிலும் 230 வோல்ட் மாறுமின் காயிலும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். மாறுமின் காயிலைத் தண்டிலிருந்து உருவிவிட்டு மின்சாரம் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் கருகிவிடும்.

ஏரிக்கு ஷட்டர், டேங்குக்கு சேஃப்டி வால்வு

ஆரணியாற்றின் குறுக்கே உள்ள பிச்சாட்டூர் ஏரியில் மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறினால், ஷட்டரைத் தூக்கி உபரி நீரை விடுவார்கள். கீழே ஊத்துக்கோட்டை முதல் பொன்னேரி வரை கரையோர மக்களுக்கு எச்சரிக்கை போகும். ஷட்டருக்கு முன்னால் யாராவது ஒரு சுவரைக் கட்டி வைத்தால் என்ன ஆகும்? கரை உடையும். டேங்கின் மேல் இருக்கும் சேஃப்டி வால்வுக்கு முன்னால் ஒரு பால் வால்வைப் போடுவது அந்தச் சுவரைக் கட்டும் வேலைதான். டேங்குக்கும் சேஃப்டி வால்வுக்கும் நடுவே மூடக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. இதில் விதிவிலக்குத் தேட வேண்டாம்.

சேஃப்டி வால்வு நிமிர்ந்து நிற்க வேண்டும். திறக்கும் அழுத்தம், டேங்கின் தகட்டில் பொறித்த உச்ச அழுத்தத்தைத் தாண்டக் கூடாது. கம்ப்ரசர் முழு வேகத்தில் தள்ளும் காற்று அத்தனையையும் வெளியேற்றும் அளவு பெரிதாக இருக்க வேண்டும். வெளியேறும் வாய், ஆள் நடக்கும் பக்கம் பார்க்கக் கூடாது. 'அடிக்கடி ஊதுது' என்று ஸ்பிரிங்கை இறுக்குவதும், முத்திரையை உடைப்பதும், பிளக் அடிப்பதும் உயிரோடு விளையாடுவது. அது ஊதினால் குறை வேறெங்கோ இருக்கிறது என்று பொருள். பிரஷர் சுவிட்சைப் பாருங்கள்.

பிஸ்டன் கம்ப்ரசருக்கும் டேங்குக்கும் இடையே மூடும் வால்வு வைத்தே ஆக வேண்டும் என்றால், அதற்கு முன்னால் கம்ப்ரசர் பக்கம் தனியாக ஒரு சேஃப்டி வால்வு அவசியம். மூடியிருப்பதை மறந்து யாரோ சுவிட்சைப் போட்டால், டேங்கின் மேல் இருக்கும் சேஃப்டி வால்வு உதவிக்கு வர முடியாது.

பாரிஸில் மூடிய ஒரு வால்வு

1988 ஜூன் 27. பாரிஸ் நகரின் கார் து லியோன் நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த புறநகர் ரயிலில் ஒரு பயணி அபாய பிரேக்கை இழுத்தார். ரயில் நின்றது. அதைச் சரிசெய்யும் முயற்சியில், பெட்டிகளுக்கு இடையே ஓடும் பிரேக் காற்றுக் குழாயின் வால்வு ஒன்று தவறுதலாக மூடிக்கொண்டது. பிரேக் விடவில்லை. வால்வு மூடியது தெரியாமல், குழாயில் காற்று அடைத்துக்கொண்டதாக நினைத்து, பின்னால் இருந்த பெட்டிகளின் பிரேக் காற்றைக் கையால் வெளியேற்றினார்கள். சக்கரங்கள் விடுபட்டன, ரயில் கிளம்பியது. நிலையத்துக்குள் இறங்கும் சரிவில் ஓட்டுநர் பிரேக் போட்டபோது முன்பகுதி மட்டுமே கேட்டது. மூடிய வால்வுக்குப் பின்னால் இருந்த பெட்டிகளுக்குச் செய்தியே போகவில்லை. நின்றிருந்த இன்னொரு ரயிலில் மோதியதில் 56 பேர் இறந்தனர்.

புத்தூர் வழியாக ரேணிகுண்டாவுக்கும் அரக்கோணத்துக்கும் ஓடும் நம் ரயில்களிலும் இதே தத்துவம்தான். பிரேக் குழாயில் எப்போதும் ஐந்து கிலோ காற்று நிற்கும்; அது குறைந்தால் பிரேக் பிடிக்கும். ரயில் கிளம்பும் முன், எஞ்சினில் காட்டும் அழுத்தத்தோடு நின்றுவிடாமல் கடைசிப் பெட்டியிலும் காற்று வந்து சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பிரேக் வலு போதும் என்று எழுத்தில் சான்று கொடுத்த பிறகுதான் வண்டி நகரும். தொழிற்சாலை லைனுக்கும் இதே ஒழுக்கம் வேண்டும். வால்வை மாற்றியபின் கம்ப்ரசர் அறையில் இருக்கும் கேஜைப் பார்ப்பது போதாது. லைனின் கடைசி முனையில் அழுத்தம் என்ன, அங்கே உள்ள எந்திரம் திறப்பதும் மூடுவதும் சரியாக நடக்கிறதா என்பதே சோதனை.

'மூடியாச்சு, கழட்டலாமாண்ணே?'

பட்டறையில் உதவியாள் கேட்கும் கேள்வி இது. சாதாரண பால் வால்வை மூடினால் டேங்கிலிருந்து புதுக்காற்று வராது, அவ்வளவுதான். வால்வுக்கும் எந்திரத்துக்கும் நடுவே உள்ள காற்று அப்படியே ஏழு கிலோவில் நிற்கும். அந்த நிலையில் ஃபிட்டிங்கைத் திறந்தால் ஹோஸ் பாம்புபோல் அடிக்கும், தூசி கண்ணில் பாயும், தூக்கி நிறுத்திய பளு கீழே இறங்கும்.

இதற்கு விடை, மூடும்போதே கீழ்ப்பக்கக் காற்றை வெளியே விடும் வால்வு. உடலில் பக்கவாட்டுத் துளையோடு வரும் அந்த ரகத்தைக் கேட்டு வாங்க வேண்டும். மூடிய நிலையில் பூட்டுப் போடவும் அதில் துளை இருக்கும். எந்திரத்துக்குள் கை வைப்பவர் தன் பூட்டைப் போட்டு, தன் பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டு, சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொள்வார். அமெரிக்காவில் 1989இல் வெளியான ஓஷா விதி இதைக் கட்டாயமாக்கியது. இங்கே பெரிய ஆலைகளில் பழக்கத்துக்கு வந்துவிட்டது. சின்னப் பட்டறைக்கும் ஒரு பூட்டு, ஓர் அட்டைதான் செலவு.

அப்படியும் தப்பும் காற்று உண்டு. நடுநிலையில் எல்லா வழியையும் மூடிக்கொள்ளும் வகை வால்வு, சிலிண்டருக்குள்ளேயே காற்றைச் சிறைவைக்கும். செங்குத்தாகப் பளு தாங்கும் சிலிண்டரென்றால், காற்றை விடும் முன் பளுவுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். வேலை முடிந்து திறக்கும்போதும் மெதுவாகத் திறக்க வேண்டும். சட்டென்று திறந்தால் பிஸ்டன் அறைந்துகொண்டு பாயும். மெல்ல அழுத்தம் ஏற்றும் சாஃப்ட் ஸ்டார்ட் வால்வு இதற்காகவே இருக்கிறது.

ஏர் கன்னை உடம்பின் பக்கம் திருப்புவதைத் தமாஷாக நினைக்கும் பழக்கமும் ஒழிய வேண்டும். 2024 மார்ச்சில் பெங்களூருவில் ஒரு வாகனச் சேவை மையத்தில், நண்பர் விளையாட்டாகச் செலுத்திய காற்றால் குடல் சிதைந்து ஓர் இளைஞர் இறந்தார். தூசி தட்டக்கூட 30 பவுண்டுக்குக் கீழேதான் காற்று இருக்க வேண்டும் என்கிறது ஓஷா விதி.

காற்றுக்குள் தண்ணீர், கசிவுக்குள் காசு

வங்கக் கடல் தொலைவில் இல்லாத இந்த வட்டாரத்தில் காற்றில் ஈரம் அதிகம். நிமிடத்துக்கு ஒரு கனமீட்டர் காற்று இழுக்கும் நடுத்தரக் கம்ப்ரசர், எட்டு மணி நேர ஷிஃப்டில் ஐந்து லிட்டருக்கு மேல் தண்ணீரைப் பிழிந்து தள்ளும். டேங்கின் அடியில் உள்ள டிரெயின் வால்வைத் தினமும் திறக்காவிட்டால் உள்ளே துரு ஏறும், தகடு மெலியும். லைனை நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற கணக்கில் சரித்துக் கடைசியில் டிரெயின் வைக்க வேண்டும். எந்திரத்துக்கான கிளையை மெயின் குழாயின் மேல் பக்கத்திலிருந்து வளைத்து இறக்க வேண்டும். அடிப்பக்கத்திலிருந்து எடுத்தால் முதலில் தண்ணீர்தான் வரும். அரிசி ஆலை சார்ட்டரின் வால்வில் ஈரமும் எண்ணெயும் ஒட்டினால், நல்ல அரிசி குப்பைக்கும் கறுத்த அரிசி மூட்டைக்கும் போகும்.

மூன்று மி.மீ. துளையில் ஏழு கிலோ காற்று கசிந்தால் மூன்று கிலோவாட் மின்சாரத்துக்குக் குறையாமல் வீண். இரவு பகல் ஓடும் ஆலைக்கு அது ஆண்டுக்கு 25,000 யூனிட்டுக்கு மேல். ஒழுங்காகப் பராமரிக்காத லைன்களில், கம்ப்ரசர் தரும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை கசிவிலேயே போகலாம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ.யின் கையேடுகள் சொல்கின்றன. சோப்பு நுரையைத் தடவிக் குமிழியைப் பார்ப்பது இன்றைக்கும் நல்ல சோதனை.

சட்டம் எட்டாத இடம்

1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 31ஆம் பிரிவு, அழுத்தத்தில் இயங்கும் எந்தச் சாதனமும் பாதுகாப்பான அளவைத் தாண்டாமல் காக்க வேண்டும் என்றது. அதன்கீழ் வந்த விதிகளின்படி, டேங்கின் வெளிப்புறத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் உட்புறத்தை ஆண்டுக்கு ஒருமுறையும் தகுதி பெற்ற ஆய்வாளர் பார்க்க வேண்டும். நான்கு ஆண்டுக்குள் ஒரு நீர் அழுத்தச் சோதனை. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் மின்சாரத்தால் இயங்கும் இடத்தில் 20 பேர் இருந்தால்தான் அது தொழிற்சாலை. முன்பு அந்த எண் 10. நாலைந்து பேர் வேலை செய்யும் வெல்டிங் பட்டறைக்கும் பஞ்சர் கடைக்கும் அன்றும் அந்தச் சட்டம் இல்லை, இன்றும் இல்லை. ஏழு கிலோ காற்று அங்கேயும் ஏழு கிலோதான்.

பொருளுக்கு நாம் வெளியே தேட வேண்டியதில்லை. 1960இல் தொடங்கிய எல்ஜி கம்ப்ரசர்களும் 1977இல் தொடங்கிய ஜனாடிக்ஸ் வால்வுகளும் கோவையில்தான் உருவாகின்றன. ஐ.டி.ஐ. ஃபிட்டர் பாடத்திட்டத்தில் காற்றியக்கச் சாதனங்கள் பற்றிய பகுதியும் இருக்கிறது. குறைவது, பத்து நிமிட வேலைக்கு அரை மணி நேரம் ஒதுக்கும் மனம்.

கையில் வைத்துக்கொள்ள: எட்டுக் கட்டளைகள்

1. கம்ப்ரசரை நிறுத்து, லைனை மூடு, பூட்டுப் போடு, சிக்கிய காற்றை வெளியேற்று. கேஜ் பூஜ்யம் காட்டிய பிறகே ஸ்பானரை எடு.
2. வால்வில் பொறித்த அழுத்தம், வெப்பநிலை, மின்னழுத்தம் மூன்றையும் படி.
3. மரை கேஜால் மரையைச் சரிபார்.
4. குழாயை ஊதிச் சுத்தம் செய். டேப்பை நுனி மரையில் சுற்றாதே.
5. அம்புக்குறியையும் துளை எண்ணையும் இரண்டு பேர் பார்க்கட்டும்.
6. சேஃப்டி வால்வுக்கு முன்னால் எதையும் போடாதே.
7. அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்று, ஃபிட்டிங்குக்கு நேரெதிரே நிற்காமல் ஒதுங்கி நில், கண்ணாடி அணி.
8. கடைசி முனையில் சோதனை செய்து, தேதியோடு எழுதி வை.

பட்டறை உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த இதழை மூடிவைத்ததும் உங்கள் கம்ப்ரசர் டேங்கின் அருகே போங்கள். சேஃப்டி வால்வின் முத்திரை அப்படியே இருக்கிறதா, அதற்கு முன்னால் வேறு வால்வு ஏதும் இருக்கிறதா, தகட்டில் கடைசிச் சோதனைத் தேதி என்ன என்று பாருங்கள். மூன்றில் எந்த ஒன்றுக்குச் சரியான பதில் கிடைக்காவிட்டாலும், அது கிடைக்கும் வரை அந்தக் கம்ப்ரசரை ஓட்டாதீர்கள்.